கூட்டாத மாமரத்தடி

1

இந்தத் தைப்பூசம் வந்தால், நான் வாசல் கூட்டுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் இதைப் படிக்கிற பெண்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். புதுக்கோட்டையில் இருக்கும் என் தங்கை சரசு அதையெல்லாம் போனிலேயே சொல்லி முடித்துவிட்டாள். மிச்சம் ஏதாவது இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். ஆனால் விவரத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம். நாலு மாடிப் பழைய பிளாட். அதில் கீழ்வீடு எங்களுடையது. இவர் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நான் சமைக்கிறேன், அவர் உப்பு பார்க்கிறார்.

கதவைத் திறந்தால் பொதுவான நடைபாதை. அதை ஒட்டி மழைத்தண்ணீர் போகிற சின்னக் கால்வாய். இங்கே எல்லோரும் அதை லொங்காங் என்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் மூன்று கார் நிறுத்துகிற அளவுக்கு வெறும் மண். நடுவில் ஒரு பெரிய மாமரம். இடம் பிளாட்டுக்கே பொது. ஆனாலும் என் கதவுக்கு நேரே இருப்பதால், அதை என் வாசல் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் மழைக்குக் குறைச்சல் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால், யார் வீட்டுத் துணி என்று பார்க்காமல் எல்லோரும் ஓடி எல்லோருடையதையும் எடுப்போம். அப்படிப்பட்ட ஊரில் அந்த மரத்தடியில் மட்டும் மழை விழாது. மேலே மரம் குடை பிடிக்கும். பக்கத்தில் மாடி வீடுகளின் சன்ஷேட் தடுக்கும். இலையில் இருந்து சொட்டுகிற கொஞ்சத்தையும் மாமரத்து வேர் குடித்துவிடும். ஊரெல்லாம் நனைந்து கிடக்கும்போது அங்கே கோழி மண் குளிக்கலாம்.

அடித்துக்கொண்டு பெய்கிற பெரிய மழையில்தான் தொல்லை. கார் நிறுத்துகிற மேட்டில் இருந்து தண்ணீர் இறங்கி அந்த மண் மேல் ஓடி வரும். மண்ணுக்குள் ஒரு சொட்டு இறங்காது. மேல்மண்ணை வாரிக்கொண்டு லொங்காங்கில் விழுந்து, அதை அடைத்து, நடைபாதைக்கு ஏறிவிடும். ஒரு தடவை நாலாவது மாடிக்காரர் மோட்டார் சைக்கிளோடு வழுக்கி எங்கள் கதவில் வந்து நின்றார். நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது.

2

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. அது முடிந்த வாரம் நோட்டீஸ் ஒட்டினார்கள். மலாயில் இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அர்த்தம் பாதி வரும், பாதி வராது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று நிதானமாகப் படித்துவிட்டு, மீட்டிங் என்று மட்டும் சொன்னார். மரத்தை வெட்டுவது பற்றி அதில் இருந்ததைச் சொல்லவில்லை. நான் சாப்பிட மாட்டேன் என்று பயம்.

மீட்டிங் நடைபாதையிலேயே நடந்தது. கமிட்டி செகரட்டரி மிஸ்டர் லிம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சீனர். கெட்டவர் இல்லை. எதையும் அளவு டேப் வைத்து அளந்த பிறகுதான் பேசுவார். மரத்தை எடுத்துவிட்டு சிமெண்ட் போட்டால் சேறும் நிற்கும், மூன்று காருக்கு இடமும் கிடைக்கும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு மேற்கு பார்த்தது. அந்த மரம் இல்லாவிட்டால் மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குள் மனிதர் இருக்க முடியாது. இவருக்கு ஏற்கெனவே பிரஷர். கிள்ளானில் இருக்கும் எங்கள் மகள் மலர் இதற்காகவே காத்திருந்த மாதிரி பேசினாள். "வெட்டட்டும்மா. வீடு அடுப்பாட்டம் ஆச்சுன்னாத்தான் நீங்க இங்க வருவீங்க. ரூம் ரெடியா இருக்கு" என்றாள். அவள் பாசத்தில் சொல்கிறாள். ஆனால் எனக்கு இந்தத் தெருவில்தான் காய்கறிக்காரர் முகம் தெரியும், கோயில் மணி கேட்கும், இவருக்குப் பேச்சுத் துணைக்கு நாலு கிழவர்கள் கிடைப்பார்கள். மரம் போனால் வீடும் போகும். கணக்கு அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு வந்த முப்பத்தேழு வருஷத்தில் எத்தனையோ மீட்டிங்கில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். வாய் திறந்ததில்லை. அன்றைக்கு என் கை தானாக மேலே போயிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என் கை என்று எனக்கே தெரிந்தது.

"சாயா தானாம் பூங்கா" என்றேன். நான் பூச்செடி வைக்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் மண் ஓடாது என்பதற்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியாமல், கையைக் காலைக் காட்டி மண் ஓடாமல் நிற்கிற மாதிரி நானே நின்று காட்டினேன்.

சிரித்தார்கள். மிஸ்டர் லிம் சிரிக்கவில்லை. மாமரத்தடியில் புல்லே வரவில்லை, பூ எப்படி வரும் என்று கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, டேப்பைச் சுருட்டிக்கொண்டே முடிவு சொன்னார். சித்திரை மாதம் முடிந்ததும் கான்ட்ராக்டர் வருவார். அதுவரைக்கும் தவணை. அன்றைக்கும் மண் ஓடுகிற மாதிரி இருந்தால் மரம் போகும். எல்லோருக்கும் சம்மதமா என்றார். சம்மதம் என்றார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாம் மாடி தனம் என் விலாவில் இடித்தாள். "ஏங்க்கா, ஒங்களுக்குப் பேச வருமா? நான் இத்தன நாளா நீங்க ஊமைன்னுல்ல நெனச்சேன் லா" என்றாள். தனம் இங்கேயே பிறந்தவள், இந்த ஊர்க்காரர்கள் மாதிரி பேச்சோடு 'லா' சேர்ப்பாள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிள்ளைகள் தலையெடுத்ததும் பட்டணத்துக்கு வந்தவள். அவளுக்குக் கூச்சம் என்றால் என்ன என்றே தெரியாது.

3

மலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே என்னை ஒரு நர்சரிக்குக் கூட்டிப்போனாள். நிழலில் வருமா என்று கேட்டேன். கடைக்காரர் எல்லாச் செடிக்கும் "போலே, ஆன்டி" என்றார். போலே என்றால் முடியும். வெல்வெட் மாதிரி இலையும் குங்குமச் சிவப்பில் குட்டிப் பூவுமாக ஒன்று தரையோடு படர்ந்து கிடந்தது. அதில் இருபது தொட்டி வாங்கினோம்.

மண்வெட்டியால் குழி வெட்டினேன். வெட்டிய இடமெல்லாம் மாமரத்து வேர். அறுத்து எறிந்தேன். மரம் கோபத்தில் ஒரு வாரம் இலையாகக் கொட்டியது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். செடி வைத்த இடம் ஆயிற்றே, இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கூட்டுவதையும் இரண்டு வேளையாக்கினேன். ஒரு இலை விழ விடவில்லை. மூன்று வாரத்தில் வெல்வெட் எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. அடுத்து புல் பாளம் வாங்கிப் பதித்தேன். அது பொங்கலுக்கு முன்பே வைக்கோலாகி, மாட்டுப் பொங்கலுக்குத் தயாராக நின்றது. மாடுதான் இல்லை.

சரசு போனில் சிரித்தாள். "மழை ஊர்ல ஒக்காந்துக்கிட்டு செடிக்கு ஈரம் பத்தலைங்குறியே, இத நான் யார்கிட்ட சொல்றது?" என்றாள்.

கூட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஆறு வயதில் கையில் விளக்குமாறு கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு சிலேட்டை வாங்கி வைத்துவிட்டார்கள், விளக்குமாற்றை வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கூட்டாத வாசல் என்றால் அந்த வீட்டில் துக்கம், அல்லது மருமகள் சோம்பேறி. இரண்டில் எது என்று விசாரித்துவிட்டுத்தான் தெரு அடுத்த வேலை பார்க்கும்.

கல்யாணமாகி இங்கே வந்த மறுநாள் விடியற்காலையில் எழுந்தேன். இந்தப் பிளாட்டில் எது வரைக்கும் நம் வாசல் என்று எனக்குத் தெரியவில்லை. யாரையும் எழுப்பிக் கேட்கவும் கூச்சம். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று நடைபாதை முழுவதையும், ஏழு வீட்டு வாசலையும் கூட்டி முடித்தேன். கடைசி வீட்டுச் சீன அம்மா என்னைப் புதிதாக வந்த கிளீனர் என்று நினைத்து ஆரஞ்சுப் பழம் கொடுத்து, ஜன்னலையும் காட்டினார். ஜன்னலையும் துடைத்துக் கொடுத்தேன். இல்லை என்று சொல்லத் தெரியாமல்தான்.

அன்று முதல் அந்த மாமரத்தடியில் நான் விளக்குமாறு போடாத காலை என்றால், பிள்ளை பெற்ற நாட்களும் காய்ச்சல் நாட்களும்தான். மாவிலையை எல்லாம் கறுப்புப் பையில் அமுக்கிக் கட்டி, குப்பை லோரி வருகிற நாளில் வெளியே வைப்பேன். தரை பளபளவென்று இருக்கும். காலில் மிதித்தால் சிமெண்ட் மாதிரி இருக்கும். அதுதான் எனக்குப் பெருமை.

4

தைப்பூசத்துக்கு மறுநாள் கூட்டம் குறைந்த பிறகு பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் ஒரு பாலம். அதற்கு அடியில் மழை விழுந்து எத்தனை வருஷமோ. தூசி, கல், காய்ந்த சருகு, யாரோ எறிந்த சாமான்கள். அந்தக் குப்பைக்கு நடுவே, தரையோடு தரையாக ஒரு செடி பூத்துக் கிடந்தது.

கட்டைவிரல் அளவு இலை. வெள்ளைப் பூ. கீழ் இதழில் மட்டும் ஊதா மை சிந்திய மாதிரி ஒரு கறை. எங்கள் ஊர்ப் பக்கம் வேலியோர நிழலில் இதையே பார்த்திருக்கிறேன். ஆடு ஆசையாகத் தின்னும். அதற்கு யாரும் பேர் வைத்து நான் கேட்டதில்லை. குனிந்து ஒரு கொடியைத் தூக்கினேன். தரையில் பட்ட கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. எனக்கு மேல் பாலம், பாலத்துக்கு மேல் ரயில். இங்கே யார் வந்து இதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள்?

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நாலு கொடியைக் கிள்ளி, திருநீற்றுப் பொட்டலம் இருந்த பையில் போட்டேன். பின்னால் ஒரு காவலாளி வந்து நின்றார். "ஆன்டி, சாரி அப்பா?" என்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். எனக்கு வேர்த்துவிட்டது. "பூங்கா" என்று செடியைக் காட்டினேன். அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து இரண்டு கை நிறையப் பிடுங்கிக் கொடுத்தார். திருட வந்த எனக்குக் காவலாளியே மூட்டை கட்டித் தந்தார்.

தனம் மாடிப்படியில் பார்த்துவிட்டாள். பைக்குள் எட்டிப் பார்த்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இதுக்கு நான் இருவது வருசம் மருந்து அடிச்சேன். முதுகுல தொட்டிய மாட்டிக்கிட்டு, மொகத்துல துணியக் கட்டிக்கிட்டு. நீங்க சாமி பைல வச்சு வீட்டுக்குக் கொண்டாறீங்க."

பூ நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும். கங்காணிகிட்ட சொல்லிப் பாருங்க."

இது மாமரத்தடியில் வருமா என்று கேட்டேன். தனம் என்னோடு வந்தாள். மண்ணைச் செருப்பால் தட்டிப் பார்த்தாள். டக் டக் என்றது. "வராது" என்றாள். ஏன் என்றேன். "நீங்க இருக்கீங்களே" என்றாள்.

பிறகு விளக்கினாள். தோட்டத்தில் ஒவ்வொரு பனையைச் சுற்றியும் வட்டமாக இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பார்களாம், விழுகிற பழத்தைப் பொறுக்குவதற்கு. அந்த வட்டத்தில் எதுவும் தலை தூக்காது. வெட்டிய மட்டைகளை இரண்டு வரிசைக்கு நடுவில் அடுக்கிப் போடுவார்களாம். அந்த மட்டைக்கு அடியில் எப்போதும் ஈரம் இருக்கும், மண் கேக் மாதிரி இருக்கும். இந்தச் செடி அங்கேதான் முழங்கால் அளவுக்கு நிற்கும். இந்த மாதம் மருந்தடித்தால் அடுத்த மாதம் மறுபடி நிற்கும்.

"நீங்க முப்பது வருசமா இங்க பழம் பொறுக்கற வட்டம் வச்சிருக்கீங்க. தண்ணி எப்படிக்கா உள்ள எறங்கும்? வெளக்கமாத்த உள்ள வைங்க. அது போதும்."

வீட்டுக்குள் வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். அந்த மரம் தனக்கென்று போட்டுக்கொண்ட சோற்றை, இத்தனை வருஷமும் நான் பையில் கட்டிக் குப்பை லோரியில் ஏற்றியிருக்கிறேன். அதுவும் பெருமையாக.

5

கூட்டாத முதல் நாள் காலையில் என் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே மூன்று தடவை கூட்டினேன். கதவு முன்னால் சிமெண்டில் கோலம் மட்டும் போட்டேன், அதையும் வழக்கத்தை விடப் பெரிதாக, ஈடு கட்டுகிற மாதிரி. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வாசலப் பாத்தா நான் போய்ச் சேந்துட்டேன்னு நெனப்பாங்க" என்றார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஐந்தாம் நாள் மூன்றாம் மாடி பாக்கியம் படியிறங்கி வந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலை இறக்கி, "அக்கா, அண்ணனுக்கு..." என்று இழுத்தாள். உள்ளே இருந்து இவர் லுங்கியைக் கட்டிக்கொண்டே வந்தார். "அண்ணனுக்குப் பசி" என்றார். பாக்கியம் மூன்று படியை ஒரே தாவாகத் தாவி மேலே போனாள்.

ஏன் கூட்டவில்லை என்று அன்றைக்கே அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதிரே வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் அனுபவித்தேன்.

செடி வைத்த முறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இந்தத் தடவை மண்வெட்டியைத் தொடவில்லை. வேரை அறுக்காமல், பழைய திருப்புளியால் வேருக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒரு துளை. அதில் இரண்டு கணு உள்ளே போகிற மாதிரி ஒரு கொடித் துண்டு. சுற்றி ஒரு கைப்பிடி மாவிலைச் சருகு. ஒரு சாண் விட்டு அடுத்தது. அரிசி கழுவிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்துவிடுவேன். சொட்டுச் சொட்டாக இறங்கும். வாரத்தில் இரண்டு நாள் அப்படி. மற்றதை மரம் பார்த்துக்கொண்டது. தினமும் மேலே இருந்து ஒரு போர்வை போட்டது.

பாதித் துண்டுகள் வாடி நின்று என்னைப் பயமுறுத்தின. மாசி பிறந்ததும் நிமிர்ந்தன. சருகை விலக்கி விரலை வைத்தால் மண்ணுக்குள் போயிற்று. அந்த இடத்தில் என் விரல் மண்ணுக்குள் போனது அதுதான் முதல் தடவை. பங்குனியில் பூத்தது. கொடி எட்டின இடத்தில் எல்லாம் தரையைப் பிடித்துக்கொண்டது.

படம் எடுத்து மலருக்கு அனுப்பினேன். அவள் போனில் பேத்தி முகத்தைக் காட்டினாள். பேத்தி இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னாள். "அழகா இருக்காம்மா, ஒங்க பூ" என்று மலர் தமிழில் சொன்னாள். அவ்வளவு நீளத்துக்கு அது அர்த்தமாக இருக்காது. 'புல்' என்பதற்கான சொல் அதில் வந்தது எனக்கும் கேட்டது. ஆனாலும் மலர் எனக்காக மாற்றிச் சொன்னாளே, அது எனக்குப் போதும்.

6

சித்திரை வருஷப் பிறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது கிள்ளானுக்கு வரச் சொல்லி மலர் பிடிவாதம் பிடித்தாள். இவருக்குச் சமைத்து வைத்துவிட்டு ரயிலேறினேன். மலர் வீட்டு முன்பக்கம் முழுக்க டைல்ஸ். ஓரத்தில் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். அதையும் காலையில் வேக்வம் போட்டுச் சுத்தம் செய்கிறாள். விளக்குமாறு இல்லாத என் மகளும் கூட்டாமல் இல்லை. ரூமைக் காட்டினாள், புது மெத்தை. சித்திரை முடியட்டும் என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தபோது, மாமரத்தடியில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது.

பாக்கியமும் இன்னும் இரண்டு பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். பாதி இடம் பழையபடி பளபளவென்று இருந்தது. மரத்து ஓரம் என் செடிகள் குவியலாகக் கிடந்தன. சருகெல்லாம் கறுப்புப் பையில் ஏறியிருந்தது. இவர் உள்ளே சாப்பிட்டுப் படுத்திருந்தார்.

பாக்கியம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல நாள் வருதுக்கா. ஒங்க வாசலு இப்பிடிக் கெடந்தா எங்களுக்கு மனசு கேக்கல. ஒங்களுக்கு முடியலன்னு தெரியும். நீங்க போய் ஒக்காருங்க, பத்து நிமிசத்துல முடிச்சிருவோம்."

அவள் முகத்தில் அத்தனை பிரியம். சிரித்துவிட்டு உள்ளே போவதுதான் என் வழக்கம். பத்து நிமிஷம் என்றாள். அதற்குள் மிச்சப் பாதியும் போய்விடும். அவள் மறுபடி குனிந்தாள்.

நான் பையைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவள் கையோடு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட்டாத, பாக்கியம். இது களை இல்ல, நான் வச்சது. எனக்கு முடியாம இல்ல, வேணும்னுதான் கூட்டல. மண்ணு ஓடுனா மரத்த வெட்டிருவாங்க. மரம் போனா நாங்க இந்த வீட்ட விட்டுப் போகணும். எனக்கு இங்கேருந்து போக இஷ்டமில்ல."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. மாடியில் இரண்டு ஜன்னல் திறந்தது. பாக்கியம் விளக்குமாற்றை விட்டாள். அது என் கையிலேயே நின்றது. பிறகு அவள் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க்கா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அவள் கேட்டது சரி. இரண்டு மாதத்துக்கு மேலாகத் தினமும் இந்த வழியில் போகிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செடிக்குச் செய்ததை எல்லாம் செய்தேன், மனிதர்களிடம் வாய் திறக்கவில்லை. தப்பு அவர்களுடையது இல்லை. நான் அழவில்லை. பாக்கியம் அழுததால் அவளைத் தேற்றுகிற வேலை எனக்கு வந்துவிட்டது.

ஜன்னலில் பார்த்த தனம் இறங்கி வந்தாள். குவியலைக் காலால் புரட்டினாள். ஒரு கொடியைத் தூக்கி வேரைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இதுக்கா ஒப்பாரி? இதக் கொல்லச் சொல்லி எனக்குக் கம்பெனி சம்பளம் குடுத்துச்சு. இருவது வருசத்துல என்னால முடியல. பாக்கியத்தால முடிஞ்சிருமா? போங்க லா, போய்த் திருப்புளி கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். ஒருத்தி கரண்டிக் காம்பு, ஒருத்தி குடைக்கம்பி. கட்டி வைத்த பைகளைப் பிரித்துச் சருகை மறுபடி கொட்டினோம். பாக்கியம் குப்பைத் தொட்டி வரைக்கும் போய் அங்கே கிடந்த பழைய சருகுப் பையையும் இழுத்து வந்தாள். ஊர் முழுக்க வருஷப் பிறப்புக்குக் குப்பையை வெளியே தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் ஐந்து பேர் குப்பையை வாசலுக்குக் கொண்டு வந்தோம். அன்றைக்கு அங்கே நடந்த பேச்சும் சிரிப்பும் போல என் வாசலில் அதற்கு முன் நடந்ததில்லை. தனம் கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று, பாக்கியம் போட்ட துளைகளை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

7

சித்திரை முடிந்த மறுநாளே மிஸ்டர் லிம் கான்ட்ராக்டரோடு வந்துவிட்டார். பழைய பாதி கெட்டியாகப் படர்ந்து பூத்திருந்தது. புதுப் பாதியில் சருகுக்கு நடுவே அங்கங்கே நாலு இலை தெரிந்தது, அவ்வளவுதான். மிஸ்டர் லிம் பூவைப் பார்த்துத் தலையாட்டினார். புதுப் பாதியைப் பார்த்தபோது அந்தத் தலை ஆடவில்லை. கான்ட்ராக்டர் டேப்பை இழுத்து அளக்க ஆரம்பித்தார்.

நான் பேசினேன். பாதி மலாய், பாதி கை. மழை வரட்டும், அதுவரைக்கும் பொறுங்கள் என்றேன். வானத்தைக் காட்டினேன். கறுத்துக்கொண்டுதான் வந்தது.

சொன்ன சிறிது நேரத்தில் அடித்துப் பெய்தது. எல்லோரும் நடைபாதைக்கு ஓடி வந்தோம். தனம், பாக்கியம், மற்ற இரண்டு பேர், மாடிகளில் இருந்து இறங்கி வந்தவர்கள், தூக்கம் கலைந்து வந்த இவர். மேட்டில் இருந்து தண்ணீர் வழக்கம்போல் இறங்கியது. செடிக்குள் நுழைந்தது. அப்புறம் அதைக் காணவில்லை. வேகமாக வந்தது உள்ளே போய் மெல்ல நடந்தது. புதுப் பாதியில் சருகு மிதந்து எழுந்தபோது பாக்கியம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். மிதந்த சருகு ஒரு சின்னக் கொடியில் தட்டி நின்றது. அதன் மேல் இன்னொன்று வந்து நின்றது. தண்ணீர் சுற்றிக்கொண்டு போயிற்று.

லொங்காங்கில் தண்ணீர் விழுந்தது. மிஸ்டர் லிம் வாத்தியார் இல்லையா, காலியாக இருந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். குனிந்து அந்தத் தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கி, பாட்டிலுக்குப் பின்னால் தன் விரலை வைத்தார்.

கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் விரல் தெரிந்தது. நகம் கூடத் தெரிந்தது.

கான்ட்ராக்டரைப் பார்த்து டேப்பைச் சுருட்டச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பொக்கோ திங்கால், ஆன்டி" என்றார். மரம் இருக்கட்டும். மழைச் சத்தத்தில் இவருக்குக் காதில் விழவில்லை. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு தனம் அவர் காதில் கத்திச் சொன்னாள். செடி எல்லை தாண்டிப் போகக் கூடாது, காய் வெடித்து விதை சிதறுவதற்கு முன் நறுக்கிவிட வேண்டும் என்று அவளே கமிட்டிக்கு வாக்கும் கொடுத்தாள். மருந்து தெளித்தவள் வாயில் இருந்து அது வந்ததை நான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பேன்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. யாரும் நகர முடியவில்லை. சாரல் அடித்து எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் கதவை முழுசாகத் திறந்து, "மாசுக், மாசுக்" என்றேன், உள்ளே வாருங்கள் என்று. தனத்தைத் தவிர அந்தப் பிளாட்டில் யாரும் அதுவரைக்கும் என் கூடத்தை மிதித்ததில்லை. மிஸ்டர் லிம் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் வந்தார்.

பெரிய சட்டியில் டீ போட்டேன். பதினொரு பேர். டம்ளர் பத்தவில்லை. தனம் மாடிக்குப் போய் அவள் வீட்டு டம்ளரைக் கொண்டுவந்தாள், பாக்கியம் கப் கொண்டுவந்தாள். அப்படியும் எனக்கு ஒன்று மிஞ்சவில்லை. அடுப்பருகே நின்று, சட்டியில் மீந்ததை அப்படியே தூக்கி, ஊதி ஊதிக் குடித்தேன்.